சமுத்திரம் முழங்கால் மட்டமல்ல

சாகத் துணிந்தவனுக்குச் சமுத்திரம் முழங்கால் மட்டம் என்று ஒரு பழமொழி. உயிருக்கு அஞ்சாதவன் எதையும் கடப்பான் என்று துணிவைச் சொல்ல வந்தது அது. பூச்சிமருந்து குடித்து ஒருவர் இறந்துபோன வீட்டின் வாசலில் அதே எண்ணம் வேறு உருவில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. முடிவெடுத்துவிட்டவரை யார் தடுப்பது? இது இல்லையென்றால் இன்னொரு வழி. விதி முடிந்தது, மருந்தைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? துக்கம் கேட்க வந்தவர்கள் ஆறுதலுக்காக இப்படிச் சொல்வதில் குற்றமில்லை. ஆனால் இதே பேச்சை வேளாண் அதிகாரிகளும், மருந்து விற்கும் நிறுவனங்களும், நன்றாகப் படித்தவர்களும் ஒரு கொள்கையாகவே பேசுகிறார்கள். கொடிய நஞ்சுகளைத் தடை செய்யச் சொன்னால், கத்தியைத் தடை செய்வீர்களா, கிணற்றை மூடுவீர்களா என்று கேட்கிறார்கள். கேட்கும்போது அந்தக் கேள்வி மறுக்க முடியாதது போலத்தான் தோன்றும். ஆனால் அது கடந்த அறுபது ஆண்டுகளில் பல நாடுகளில் சோதித்துப் பார்க்கப்பட்டுவிட்டது. சோதித்த இடங்களில் பொய்த்தும்விட்டது. நஞ்சருந்திய ஒருவர் பிழைப்பதும் பிழைக்காததும் அவருடைய மன உறுதியைவிட, அந்த நேரத்தில் அவர் கைக்கு எட்டிய புட்டியில் என்ன இருந்தது என்பதையே பெரிதும் பொறுத்திருக்கிறது. புட்டியில் என்ன இருக்கலாம் என்று முடிவு செய்வது அரசு.

பொதுக் கருத்து ஒரு மனிதரைக் கற்பனை செய்துகொள்கிறது. பல நாள் யோசித்து, எல்லாவற்றையும் எடைபோட்டு, முடிவுக்கு வந்து, அந்த முடிவில் அசையாமல் நிற்கும் மனிதர். அப்படியும் சிலர் உண்டு. ஆனால் மருத்துவமனைப் படுக்கையில் கிடப்பவர்களிடம் கேட்டுப் பார்த்தால் பெரும்பாலும் வேறு கதைதான் வெளிவருகிறது. இலங்கையில் நஞ்சருந்திப் பிழைத்தவர்களிடம் நச்சியல் மருத்துவர் மைக்கேல் எடில்ஸ்டனும் அவருடைய குழுவினரும் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டவர்கள் எண்ணம் தோன்றி அரை மணி நேரத்துக்குள் குடித்துவிட்டதாகச் சொன்னார்கள். ஏன் அந்த நஞ்சைத் தேர்ந்தீர்கள் என்ற கேள்விக்கு மிகப் பெரும்பாலோர் தந்த விடை, அதுதான் பக்கத்தில் இருந்தது என்பது. கணவன் மனைவி சண்டை, அப்பாவின் திட்டு, குடிபோதையில் வெடித்த வாக்குவாதம், ஊர் முன்னால் பட்ட அவமானம். கோபம் தலைக்கேறிய அந்த அரை மணியில் கூரை எறவாணத்தில் எது செருகியிருந்ததோ அதுவே விதியாகிவிடுகிறது. பிழைத்து எழுந்தவர்கள் திரும்பத் திரும்ப அதே முயற்சிக்குத்தான் போவார்கள் என்பதும் தவறான எண்ணம். ஒரு முறை தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு மருத்துவமனைக்கு வந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகள் உண்டு. அவர்களில் பின்னாளில் தற்கொலையால் இறப்பவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. மற்ற தொண்ணூறு பேரும் பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்து, கடனை அடைத்தோ அடைக்காமலோ, வாழ்ந்து முடிக்கிறார்கள். சாகத் துணிந்தவர் என்று நாம் அழைப்பவரை, அந்த அரை மணியை மட்டும் வைத்து அளந்துவிடுகிறோம்.

அந்த அரை மணிக்குப் பிறகு நடப்பது வேதியியல். இலங்கையில் பூச்சிமருந்து அருந்தி மருத்துவமனைக்கு வந்த 9,302 பேரை ஒரு குழு தொடர்ந்து கண்காணித்து 2010-இல் முடிவை வெளியிட்டது. மொத்தத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர் அளவில் இறந்தார்கள். ஆனால் எந்த மருந்து என்று பிரித்துப் பார்த்தால் அந்தச் சராசரி சிதறிப்போகிறது. சில மருந்துகளைக் குடித்தவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. வேறொன்றைக் குடித்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல் இறந்தார்கள். (எவை எவை என்பதை இங்கே எழுதப்போவதில்லை. அந்தப் பட்டியல் வாசகருக்குத் தேவையில்லை, பூச்சிமருந்துகளுக்கு அனுமதி தரும் பதிவுக் குழுவின் மேசையில் இருந்தால் போதும்.) ஆத்திரமும் கண்ணீரும் வீட்டுக்கு வீடு ஒன்றாக இருக்க, ஒரு வீட்டில் நான்கு நாளில் எழுந்து கஞ்சி குடிக்கிறார், அடுத்த வீட்டில் பாடை கட்டுகிறார்கள். உறுதிதான் காரணம் என்பவர்கள், ஒரு வேதிப்பொருளைக் குடித்தவர்கள் எல்லாரும் மனவலிமை மிக்கவர்கள், இன்னொன்றைக் குடித்தவர்கள் எல்லாரும் அரைமனதுக்காரர்கள் என்றல்லவா சொல்ல வேண்டியிருக்கும்? இதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. புட்டியின் மேல் நாம் பார்க்கும் சிவப்பு, மஞ்சள், நீல, பச்சை முக்கோணங்கள் போன்ற நச்சுத்தன்மைப் பிரிவுகள் முக்கியமாக எலிகளின் மேல் செய்த சோதனையை வைத்து வகுக்கப்பட்டவை. ஒரே பிரிவில் அடங்கிய இரண்டு மருந்துகள் மனித உடலில் காட்டிய கொடுமைக்கு இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருந்தது. எலிக் கணக்கு மனிதக் கணக்கு ஆகாது.

இலங்கையின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அங்கே தற்கொலை விகிதம் 1950 முதல் 1995 வரை ஏறத்தாழ எட்டு மடங்கு பெருகி, லட்சம் பேருக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. உலகிலேயே மிக அதிகமான விகிதங்களில் அது ஒன்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தவர்கள். காரணமாக நின்றது, பசுமைப் புரட்சியோடு ஒவ்வொரு குடிசைக்குள்ளும் நுழைந்த பூச்சிமருந்து. 1980-ஆம் ஆண்டின் சட்டம் பேராதனையில் இருந்த பூச்சிமருந்துப் பதிவாளருக்கு இறக்குமதியை நிறுத்தும் அதிகாரத்தைக் கொடுத்திருந்தது. அந்த அலுவலகம் ஆரவாரம் இல்லாமல் அதைப் பயன்படுத்தியது. 1984-இல் பாராத்தியானும் மீத்தைல் பாராத்தியானும் போயின. தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் பாலிடால், பொலிடோல் என்று ஒரு தலைமுறையே நஞ்சுக்கு மறுபெயராக வைத்திருந்த சரக்கு அதுதான். 1995-இல் மோனோகுரோட்டோபாஸ், மெத்தமிடோபாஸ் உட்பட உலக சுகாதார நிறுவனம் முதல் நச்சுப் பிரிவில் வைத்தவை நிறுத்தப்பட்டன. அவற்றின் இடத்தில் எண்டோசல்பான் வந்தது. அதனால் வலிப்பு வந்து இறப்போர் பெருகினார்கள். 1998-இல் அதுவும் தடை செய்யப்பட்டது. பத்து ஆண்டுகள் கழித்து டைமெத்தோயேட், பென்தியான், பாராகுவாட் ஆகிய மூன்றும் படிப்படியாக விலக்கப்பட்டன. ஒன்றை மூடினால் இன்னொன்று தலைகாட்டத்தான் செய்தது. கைவிரித்துவிடாமல், அந்த இன்னொன்றையும் கவனித்து அடைத்தார்கள். 1986 முதல் 1995 வரையிலான பத்தாண்டோடு ஒப்பிட்டால், அடுத்த பத்தாண்டில் தற்கொலையால் இறந்தவர்கள் 19,769 பேர் குறைவு. 2015 வரை கணக்கிட்டால் விகிதம் எழுபது விழுக்காடு சரிந்திருக்கிறது. ஏறத்தாழ 93,000 உயிர்கள் எஞ்சியிருக்கின்றன என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

இலங்கையில் வேறு எத்தனையோ மாறியிருக்கலாம், சரிவுக்குத் தடைதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? இது நேர்மையான கேள்வி, பதிலும் அதே நேர்மையோடு வர வேண்டும். சரிவு தொடங்கியது உள்நாட்டுப் போர் முழு வேகத்தில் நடந்துகொண்டிருந்தபோது. எனவே அமைதி வந்ததால் குறைந்தது என்று சொல்ல இடமில்லை. வேலையின்மை, மது, மணமுறிவு, பூச்சிமருந்துப் பயன்பாட்டின் மொத்த அளவு ஆகியவற்றையும் ஆய்வாளர்கள் பொருத்திப் பார்த்தார்கள். எதுவும் சரிவின் வடிவத்தோடு ஒத்துவரவில்லை. எல்லாவற்றையும்விட அழுத்தமான சான்று மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கிறது. நஞ்சருந்தி மருத்துவமனைக்கு வந்தவர்களின் எண்ணிக்கை இறப்பின் வேகத்தில் குறையவில்லை. வந்தவர்களில் இறப்பவர்களின் விகிதம்தான் விழுந்தது. சண்டைகள் ஓயவில்லை, அவமானங்கள் ஓயவில்லை, கை நீண்டு புட்டியை எடுப்பதும் ஓயவில்லை. புட்டிக்குள் இருந்தது மட்டும் மாறியிருந்தது. வேறு வழிகளை நாடி இறந்தவர்கள் ஓரளவு கூடியதும் உண்மை, அதை மறைக்க வேண்டியதில்லை. மொத்தக் கணக்கில் அந்தக் கூடுதல் மிகச் சிறியது.

இது தெற்காசியக் கிராமத்துக்கு மட்டும் உரிய உண்மையும் அல்ல. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1963-இல் 5,714 பேர் தற்கொலையால் இறந்தார்கள். அவர்களில் பத்துக்கு நான்கு பேருக்கும் மேல் சமையலறை எரிவாயுவால் இறந்தவர்கள். நிலக்கரியிலிருந்து எடுத்த அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு மிகுந்திருந்தது. பிறகு அதன் இடத்தில் நஞ்சு குறைந்த வாயுவும், கடைசியில் கடலடி இயற்கை வாயுவும் வந்தன. யாரும் தற்கொலையைத் தடுக்க எண்ணி இதைச் செய்யவில்லை, செலவு கருதிச் செய்தார்கள். 1975-இல் எரிவாயுவால் இறந்தவர்கள் 23 பேர். மொத்தத் தற்கொலை 3,693. வேலையின்மை ஏறிக்கொண்டிருந்த காலத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் சரிவு. கிணற்றை மூடுவீர்களா என்று கேட்பவர்களுக்கு அந்த நாட்டு வரலாறு சொல்லும் விடை இது: வாய்க்கால்களும் பாலங்களும் அங்கே அப்படியே இருந்தன, அடுப்பு மட்டும் மாறியது. தென்கொரியா 2012-இல் பாராகுவாட் விற்பனையை முற்றாக நிறுத்தியது. அடுத்த ஆண்டுக்குள் பூச்சிமருந்தால் நேர்ந்த தற்கொலை விகிதம் பாதியாகிவிட்டது. வங்கதேசத்தின் அனுபவமும் இந்தத் திசையில்தான் இருக்கிறது.

மருந்து நிறுவனங்கள் தடைக்கு மாற்றாக ஒன்றைச் சொல்கின்றன. நஞ்சில் தவறில்லை, வைத்திருக்கும் முறையில்தான் தவறு. விவசாயிக்குப் பயிற்சி கொடுங்கள், பூட்டுப் போட்ட பெட்டி கொடுங்கள். கேட்க நியாயமாக இருக்கிறது. இதையும் சோதித்திருக்கிறார்கள். இலங்கையின் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்கள், ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். பாதிக் கிராமங்களில் வீட்டுக்கு ஒரு பூட்டுப் பெட்டி, மீதியில் இல்லை. பல ஆண்டுகள் கவனித்து 2017-இல் வெளியான முடிவில், பெட்டி கொடுத்த ஊருக்கும் கொடுக்காத ஊருக்கும் இடையே நஞ்சருந்துவதில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பும் இல்லை. பெட்டியின் சாவியும் அதே வீட்டில்தான் இருக்கிறது, கடையும் அதே தெருவில்தான் இருக்கிறது. காட்டுமன்னார்கோயில் பக்கத்து இரண்டு கிராமங்களில் சென்னையின் தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா, மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகாமல் ஊர்ப் பொது அறையில் ஆளுக்கொரு பெட்டகத்தில் வைக்கும் ஏற்பாட்டைச் செய்து பார்த்தது. அதில் நம்பிக்கையூட்டும் பலன் தெரிந்தது. அதன் சாரம் பூட்டில் இல்லை, வீட்டுக்கும் நஞ்சுக்கும் இடையே உண்டாக்கிய தூரத்தில் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு ஊரிலும் அறை கட்டி, ஆள் வைத்து, பல ஆண்டுகள் நடத்த வேண்டிய வேலையைக் காட்டி, ஒரு கையெழுத்தால் ஆகும் வேலையைத் தள்ளிப்போடுவதை ஏற்க முடியாது.

இன்னொரு தரப்பார், குறிப்பாக நகரத்து வாசகர்கள், சிகிச்சையைச் சொல்வார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுகளைப் பெருக்கினால் போதாதா? கூடாது என்று யார் சொல்வார்? ஆனால் அந்தச் சிகிச்சை எதோடு மோதுகிறது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். ஆர்கனோபாஸ்பரஸ் வகை மருந்துகள், நரம்பிலிருந்து தசைக்குச் செய்தி கொண்டுபோகும் அசெட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியை முடக்கிவிடுகின்றன. செய்தி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறது. நுரையீரல் நீரால் நிறைகிறது, மூச்சுத் தசைகள் ஓய்ந்துபோகின்றன. முறிமருந்தான அட்ரோபின் நீரைக் கட்டுப்படுத்தும், தசையை எழுப்பாது. தேறிவிட்டார் என்று உறவினர் மூச்சுவிடும் நேரத்தில், இரண்டாம் மூன்றாம் நாளில், நோயாளியின் மூச்சே நின்றுபோகும் ஒரு கட்டம் உண்டு. அதை 1987-இல் உலகுக்கு விரிவாக விவரித்தவர்கள் இலங்கை மருத்துவர்களான சேனநாயக்கவும் கரல்லியத்தவும். அந்தக் கட்டத்தில் செயற்கைச் சுவாசக் கருவி இல்லையென்றால் எதுவும் இல்லை. அந்தக் கருவி தாலுகா மருத்துவமனையில் எத்தனை இருக்கும், எத்தனை நாள் ஒருவருக்கு ஒதுக்க முடியும்? நஞ்சை உறிஞ்சும் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் பயன்படுமா என்று 4,632 நோயாளிகளிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை. தமிழ்நாட்டில் பல குடும்பங்களைச் சிதைத்த மஞ்சள் பாஸ்பரஸ் எலி பேஸ்ட்டும் இப்படித்தான். முதல் நாள் நன்றாக நடமாடுகிறவருக்குச் சில நாளில் கல்லீரல் செயலிழக்கிறது. எந்த நஞ்சை அருந்தியிருந்தாலும், எவ்வளவு நலமாகத் தெரிந்தாலும், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது அதனால்தான். மருத்துவர்கள் இரவெல்லாம் போராடி மீட்பவர்கள் பலர். ஆனால் சில நஞ்சுகளின் முன்னால் உலகின் மிகச் சிறந்த மருத்துவமனையும் கையறு நிலையில்தான் நிற்கிறது.

வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு இடதுசாரி நண்பர்களிடமிருந்து வருகிறது. எனக்கு மிகவும் மதிப்புள்ள குற்றச்சாட்டு அது. கந்துவட்டி, விளைபொருளுக்கு விலையின்மை, சாராயம், வீட்டுக்குள் பெண்கள் படும் அடி, தேர்வுத் தோல்வி ஆகியவைதாம் வேர்கள், ஐயமில்லை. அவற்றோடு போரிட வேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டும், அதற்காகத்தான் 104 உதவி எண்ணும், டெலி மானஸ் மனநல உதவி எண்ணான 14416-உம், ஸ்நேகா போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் கந்துவட்டியை ஒழிக்கும்வரை, அவமானப்பட்ட ஒரு பெண்ணின் கைக்கு எட்டும் தூரத்தில் உலகம் கைவிட்ட நஞ்சு இருந்தே தீர வேண்டும் என்று எந்த நீதி சொல்கிறது? இந்தியாவில் 2022-இல் தற்கொலையால் இறந்தோர் 1,70,924 பேர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் சொல்கிறது. அவர்களில் நான்கில் ஒருவர், ஏறக்குறைய 43,000 பேர், நஞ்சருந்தி இறந்தவர்கள். வேர்கள் அறுபடும் நாள்வரை உயிரோடு இருக்கிறவர்கள்தாம் அந்த விடிவைக் காண முடியும்.

விளைச்சல் குறையும் என்ற அச்சம் உழவர்களுக்கு உண்டு, அதை அலட்சியம் செய்யக்கூடாது. அதிலும் 2021-இல் இலங்கை அரசு இரசாயன உரத்தையும் வேளாண் இரசாயனங்களையும் ஒரே ஆணையில் தடுத்து, வயல்கள் வாடி, சில மாதங்களில் பின்வாங்கியதை எல்லாரும் பார்த்தோம். அதைக் காட்டி, பார்த்தீர்களா தடையின் இலட்சணத்தை என்கிறார்கள். இரண்டும் வேறு வேறு. 1984 முதல் நடந்தது, நூற்றுக்கணக்கான மருந்துகளிலிருந்து மனிதரை அதிகம் கொல்லும் சிலவற்றைப் பொறுக்கி எடுத்து, மாற்று உண்டா என்று பார்த்து, கால அவகாசம் கொடுத்து விலக்கியது. நெல் உட்பட முக்கியப் பயிர்களின் விளைச்சலை அந்தத் தடைகளுக்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். தடையால் சரிந்ததற்கு அடையாளம் இல்லை. வங்கதேசத்திலும் அப்படியே. 2021-இல் நடந்ததோ ஆராயாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் வெட்டியது. அதன் பழியை முந்தையதன் தலையில் கட்டுவது நேர்மையல்ல.

இதுவரை சாக நினைத்தவர்களைப் பற்றியே பேசினோம். துணிவு, விதி என்ற பேச்சுக்கே இடமில்லாத சாவுகளும் இதே புட்டிகளிலிருந்து வருகின்றன. 2013 ஜூலையில் பீகாரின் சாரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு உண்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ், இலங்கை பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே கைவிட்ட அதே மருந்து. 2017-இல் மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்கு மருந்தடித்த உழவர்களும் கூலியாட்களும் இருபதுக்கும் மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் கிடந்தார்கள். அந்தக் குழந்தைகள் எந்தச் சமுத்திரத்தைத் தாண்டத் துணிந்தார்கள்?

இந்தியா எதுவும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். எண்டோசல்பானை 2011-இல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது. பிற நாடுகள் தடை செய்த 66 மருந்துகளை ஆராய 2013-இல் அனுபம் வர்மா குழு அமைக்கப்பட்டது. 2018-இல் பதினெட்டு மருந்துகள் தடைப் பட்டியலில் வந்தன. 2020 மே மாதத்தில் இன்னும் 27 மருந்துகளுக்கு வரைவாணை வந்தது. மூன்று ஆண்டு இழுபறிக்குப் பின் 2023-இல் அவற்றில் ஒரு சிலவே தடைக்கு உள்ளாயின. மோனோகுரோட்டோபாஸின் பரவலான வடிவம் அப்போதுதான் விலக்கப்பட்டது, கண்டாமன் குழந்தைகள் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து. 2022-இல் வெளியான தேசியத் தற்கொலைத் தடுப்பு உத்தி, நஞ்சு கைக்கு எட்டாமல் செய்வதை ஒரு வழியாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆனால் 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டம் அப்படியே நிற்கிறது. அதன் 27-ஆம் பிரிவின்படி ஒரு மாநில அரசு ஒரு மருந்தின் விற்பனையை அறுபது நாள் நிறுத்தலாம், விசாரணை முடியாவிட்டால் மேலும் முப்பது நாள் நீட்டலாம், அவ்வளவுதான். நிரந்தரத் தடை தில்லியின் கையில். தற்கொலைகளைக் காரணம் காட்டித் தமிழக அரசு சில ஆண்டுகளுக்கு முன் ஆறு மருந்துகளை நிறுத்தியபோது, அதுவும் அறுபது நாள் நிறுத்தமாகத்தான் இருக்க முடிந்தது. பதிவுக் குழு ஒரு மருந்தை அனுமதிக்கும்போது பயிருக்கு என்ன செய்யும், எலிக்கு என்ன செய்யும் என்று பார்க்கிறது. அதைக் குடித்து மருத்துவமனைக்கு வந்தவர்களில் நூற்றுக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்ற எண்ணையும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலிருந்தும் பெற்று, அதை வைத்துப் பதிவை நீட்டிக்கவோ நீக்கவோ வேண்டும் என்று சட்டம் திருத்தப்பட வேண்டும். மாநிலங்களின் அறுபது நாள் வரம்பும் நீக்கப்பட வேண்டும். இப்போதிருக்கும் சட்டத்தின்படி, நீட்டிக்காவிட்டால் அறுபத்தொன்றாம் நாள் காலையில் மருந்துக்கடை திறக்கும்போது அதே புட்டியை அதே அலமாரியில் எடுத்து வைக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.